மக்கு வேஷம்

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று ரக்பி கிளப்பில் தலை டெஸ்ட். சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு வருஷமும் நடக்கிற கூத்து. டாக்டர் ஸ்வர்ணலதா சில வார்த்தைகள் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். மாதங்களில் டிசம்பரில் ஏறி ஜனவரியில் இறங்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். வருகிற மதிப்பெண்ணை எழுதி வைத்துக்கொள்வார்கள். மேட்ச்சில் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே டெஸ்ட்டை மறுபடி வைப்பார்கள். முதல் மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் உட்கார வைத்துவிடுவார்கள்.

அதனால் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. முதலிலேயே மக்காக இருந்துவிட்டால், அடிபட்ட பிறகும் அதே மக்குதானே என்று ஆட விட்டுவிடுவார்கள். எனக்கு இதைச் சொல்லித் தந்த சீனியர்கள் இப்போது பிள்ளைகுட்டியோடு செட்டில் ஆகிவிட்டார்கள். நான் டீமின் சின்னவள் ருக்சாருக்குச் சொல்லித் தந்தேன். "ரொம்ப மக்காவும் கூடாதுடி, டாக்டருக்கு டவுட்டு வரும். ரெண்டு வார்த்தைய வுட்ரு. மாசத்துல ஆகஸ்ட்ட முழுங்கிரு." அவள் ஜூலையையும் சேர்த்து முழுங்கிவிட்டு வந்து வராந்தாவில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கோச் ராம்குமார் சார் எட்டிப் பார்த்தார்.

எனக்கு முப்பதுக்குப் பத்தொன்பது. இந்த நடிப்பைக் கோடம்பாக்கத்துக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை, அவர்களுக்குத்தான் நஷ்டம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

விடிகாலை அம்மாவோடு, அவள் கடைக்கு மீன் எடுக்க, ஏலத்துக்குப் போனேன். பிராக்டிஸ் இல்லாத நாளில் இது என் வேலை. நாலைந்து படகு ஒரே நேரத்தில் கரை ஏறும். அம்மா ஒரு கூடையின் முன்னால் நிற்பாள். மற்ற படகுகளில் எந்த மீன் என்ன விலைக்குப் போனது, யார் எடுத்தார்கள் என்று காதில் வாங்கி மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது நான். அப்பா இறந்த வருஷத்திலிருந்து, அதாவது ஆறு வயதிலிருந்து, இதைச் செய்கிறேன். ஏலம் விடுகிற பாண்டுரங்கன் மாமா இன்று வேண்டுமென்றே வேகம் கூட்டினார். ஒன்றைக்கூட விடவில்லை நான்.

"இன்னா மண்டடி உனுக்கு! அத்தப் போயி அந்த முட்டிக்கினு வுழுற ஆட்டத்துல குடுக்கிறியே," என்றாள் அம்மா. அம்மாவுக்கு ரக்பி என்றால் முட்டிக்கொண்டு விழுகிற ஆட்டம். இந்தியாவுக்கு ஆடியதும் முட்டிக்கொண்டு விழுந்ததுதான். ஆனால் இந்த வருஷத்திலிருந்து கிளப் மாதச் சம்பளம் தருகிறது என்றதும் பக்கத்துக் கடை குப்பம்மா பெரியம்மாவிடம், "எம் பொண்ணு ஆபீஸரு மாதிரி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த ஆபீஸர் மண்ணில் உருளுகிறான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சந்தோஷமாக இருக்கட்டும்.

22 பிப்ரவரி, சனி

இந்திய அணி லிஸ்ட் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. தாய்லாந்து. ருக்சாருக்கு இந்த முறையும் இல்லை. "எனுக்கு இருவதுதானக்கா, நீ கெழவி ஆவறதுக்குள்ள போய்ட்டு வா," என்றாள். கண் கலங்கியிருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு இருபத்தொன்பது. கிழவிதான். இன்னும் இரண்டு வருஷம் ஆடினால் போதும். அதற்கு மேல் ஆண்டவரிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

14 மார்ச், வெள்ளி. பாங்காக்

சாயங்காலம் ஓட்டல் ஹாலில் ஜெர்சி கொடுத்தார்கள். மேட்ச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் தருவது வழக்கம். எத்தனை முறை வாங்கினாலும் கால் நடுங்குகிறது. ஜெனிதா என்கிற என் பெயரை டீமின் மணிப்பூர் மேனேஜர் 'ஜெனித்தா' என்று அழுத்திக் கூப்பிடுவார். அதுகூடப் பிடித்திருக்கிறது.

15 மார்ச், சனி

ஜெயித்தோமாம். எழுத முடியவில்லை. விளக்கு குத்துகிறது.

18 மார்ச், செவ்வாய்

வீடு. என்ன நடந்தது என்று இப்போதாவது எழுதி வைக்கிறேன். காலை மேட்ச்சில் பந்தோடு ஓடியவளைப் பிடித்துத் தள்ள டாக்கிள் பண்ணும்போது அவள் முழங்கால் என் காதுக்கு மேலே இடித்தது. ஒரு நிமிஷம் எல்லாம் வெள்ளை. டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இருபத்திரண்டு வாங்கினேன். அடிபட்ட தலையோடு, என் மக்கு வேஷத்தைவிட மூன்று கூட! அந்த ஊர் டாக்டர் கிளப் அனுப்பியிருந்த பத்தொன்பதோடு ஒப்பிட்டுவிட்டுக் கைகொடுத்து அனுப்பினார். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

மதியம் மறுபடி இறங்கினேன். மறுபடி இடி. அதற்குப் பிறகு ஓட்டல் படுக்கைதான் ஞாபகம். நடுவில் பரிசளிப்பு நடந்திருக்கிறது, நான் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ இருக்கிறது. அது நான்தான். ஆனால் அங்கே நான் இல்லை.

டீம் டாக்டரிடம் பயணக் களைப்பு என்று சொல்லிவிட்டேன்.

30 மார்ச், ஞாயிறு

ஏலத்துக்குப் போனேன். பாண்டுரங்கன் மாமா குரல் கேட்கிறது. விலை கேட்கிறது. அடுத்த விலை வரும்போது முந்தினது போய்விடுகிறது. அம்மா திரும்பி, "மூணாவது படகு வவ்வாலு மீனு எவ்ளோக்குடி பூட்ச்சு?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

"கவனிக்கல," என்றேன்.

"கவனிக்கலியா? நீயா?"

செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பொய் சொன்னேன். போன் வீட்டில் இருந்தது. அம்மாவுக்கும் தெரியும்.

11 ஏப்ரல், வெள்ளி

கிளப் லீக் தொடங்கப் போகிறது. வெளிநாடு போய்வந்தவர்களுக்கு மறுபடி தலை டெஸ்ட். இன்று நடிக்கவில்லை. எனக்கே தெரிய வேண்டும் என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துச் செய்தேன். கதவு, எலுமிச்சை, ஊசி, அதற்கு மேல்? மாதங்களில் ஏப்ரல் எங்கே போனது என்று தெரியவில்லை. இது ஏப்ரல்தானே!

பத்தொன்பது.

டாக்டர் ஸ்வர்ணலதா பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்படியே இருக்கே ஜெனிதா! ஒண்ணுகூடக் குறையல. தலைவலி ஏதாவது?"

"இல்ல மேடம்."

"அப்ப தாராளமா ஆடலாம்."

வெளியே ராம்குமார் சார் முதுகில் தட்டினார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்கு நடித்துக் காட்டிய பெண்ணாகவே ஆகிவிட்டேன். டாக்டர் கையில் இருக்கிற காகிதப்படி எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. நான் எப்போதும் இப்படித்தான். யாரிடம் போய் நான் இப்படி இல்லை என்று சொல்வேன்? சொன்னால் சம்பளம் போகும், ஜெர்சி போகும். டீமில் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

சொல்ல வேண்டாம். ஆடுவேன். போகப் போகச் சரியாகிவிடும்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

சாந்தோம் கோயிலில் மைக் சத்தம் மண்டையைப் பிளந்தது. பாட்டு நடுவில் எழுந்து வெளியே ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னாடி ஆச்சு, வாயத் தொறந்து சொல்லேன்," என்று கேட்டாள். தட்டைத் தூக்கி எறிந்தேன். சுவரெல்லாம் குழம்பு. அம்மா துடைத்தாள். நானும் துடைத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் இப்படி இருந்ததே இல்லை. இல்லைதானே?

26 ஏப்ரல், சனி

முதல் லீக் மேட்ச். பந்தை வெளியிலிருந்து உள்ளே எறியும் முன் ஒரு சங்கேத வார்த்தை கத்துவோம். அதை வைத்துத்தான் யார் எங்கே ஓடுவது என்று தெரியும். பதினோரு வருஷமாகக் கத்திய வார்த்தைகள். இன்று ருக்சார் கத்தியபோது எனக்கு அது வெறும் சத்தம். நின்ற இடத்தில் நின்றேன். எதிர் டீம் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கள் கோட்டுக்குப் பின்னால் வைத்து ட்ரை போட்டு, ஐந்து புள்ளி எடுத்துவிட்டது. "தூங்கறியா?" என்று ராம்குமார் சார் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ருக்சார் என் பக்கம் வந்து, "அக்கா, இடது," "அக்கா, குனி," என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பந்தை எறிந்தாள். மேட்ச் முடிந்து பஸ் ஸ்டாப்பில் கேட்டேன், என் தலை இப்படி என்று அவளுக்கு எப்போது தெரியும் என்று.

"நீ தாய்லாந்துலேந்து வந்த அன்னிக்கே தெரியும். எங்க வூட்டு சந்துல வழி தெரியாம நின்னியே. உன்னப் பெத்தவங்களுக்கே நான் சொல்ல மாட்டேன், போதுமா? நீ ஆடு. நான் பாத்துக்கறேன்."

இருபது வயதுப் பெண். இவளை யார் பெற்றார்களோ. ஜைதூன் பீ அம்மாதான், வேறு யார்! ராயப்பேட்டைப் பக்கம் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

10 மே, சனி

என்னால் முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

11 மே, ஞாயிறு

நேற்று ஒரே நாளில் இரண்டு மேட்ச். இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். ருக்சாரைப் பார்க்கத்தான் வந்தார், எல்லாருக்கும் தெரியும். காலை மேட்ச்சில் அவள் இரண்டு ட்ரை போட்டாள். கடைசியில் கீழே கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தபோது எதிராளியின் முட்டி நெற்றியில் இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கூடாரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள். டெஸ்ட் பாஸ். பாஸ் ஆகாமல் என்ன, நான்தானே சொல்லித் தந்தேன்.

மதியம் அரையிறுதி. மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். "அக்கா, காத்தால மேட்ச்சு யாரு ஜெயிச்சது?" என்றாள். நாம்தான் என்றேன். ஷூ லேஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி, "காத்தால யாருக்கா ஜெயிச்சது?"

"ருக்சு, நீ ஆடாத."

"இன்னா பேசற? செலக்டரு ஒக்காந்துகினு கீறாரு!"

"இன்னொரு அடி வுழுந்தா என்னிய மாதிரி ஆயிருவடி."

"உன்ன நான் காப்பாத்தலியா? நீ மூச்சு வுடாத. மூச்சு வுட்ட, நீ எனக்கு யாரோ."

மாத்திரை எடுக்கப் போகிறேன் என்று எழுந்தேன். கூடாரத்தில் டாக்டர் ஸ்வர்ணலதா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். முதலில் என்னைப் பற்றி, பிறகு அவளைப் பற்றி, பிறகு வருஷா வருஷம் எல்லாரும் போடுகிற வேஷத்தைப் பற்றி. அவர் நம்பவில்லை. "வெளையாடறியா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து டிபன் பாக்ஸை மூடினார்.

ருக்சாரைக் கூப்பிட்டு, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூன்றே விநாடி. சாய்ந்து டாக்டர் மேலேயே விழுந்தாள்.

அவ என்னைப் பார்த்தா. கத்தவே இல்ல. கத்தியிருந்தா பரவால்ல. நம்ம வீட்டுப் பூனைய யாராவது கோணிப்பைல போட்டுக் கொண்டுபோனா அது பார்க்குமே, அப்படிப் பார்த்தா. நான் என்ன பண்ணேன்? அவ எனக்காக வாய மூடிக்கினு இருந்தா. என்னால அவளுக்காக ஒரு மத்தியானம் மூட முடியல. சரிதானே பண்ணேன்? யாராவது சொல்லுங்களேன், சரிதானே?

12 மே, திங்கள்

டீம் வாட்ஸ்ஆப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் எடுத்தது என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

19 மே, திங்கள்

ஸ்கேன், பெரிய டாக்டர், எல்லாம் முடிந்தது. "இனிமே ஆள் மேல ஆள் மோதற எந்த ஆட்டமும் வேணாம்மா. எப்பவுமே." மெதுவாக, நல்ல மாதிரி சொன்னார். ஞாபகம் கொஞ்சம் திரும்பலாம், முழுசாகவா என்று அவருக்கே தெரியாதாம்.

கிளப் கணக்கை முடித்துக்கொண்டது. ராம்குமார் சார் கேட் வரைக்கும் கூட வந்தார். "சீசன் முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாமே ஜெனிதா. ருக்சார் கேம்ப் போயிருப்பா. டீம் ஃபைனல் போயிருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்ட், வேஷம், எல்லாம். அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. "நல்லா கீற மண்டைய நல்லா இல்லன்னு ஏண்டி சொன்னீங்க?"



7 ஜூன், சனி

பக்ரீத். ஒவ்வொரு வருஷமும் பதினொரு மணிக்கெல்லாம் ஜைதூன் பீ அம்மாவின் பிரியாணி டப்பா வந்துவிடும். இரண்டு மணி வரை அம்மா உலை வைக்கவில்லை. பிறகு ரசம் வைத்தாள்.

20 ஜூலை, ஞாயிறு

ஏலத்தில் அம்மா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. படகுகளுக்கு நடுவே அவளே ஓடுகிறாள். மூச்சு வாங்குகிறது. நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாண்டுரங்கன் மாமா விலையை இப்போது நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். எனக்காகத்தான். மற்ற பெண்கள் முணுமுணுக்கிறார்கள். மாமா, வேண்டாம் மாமா, எப்போதும் போலச் சொல்லுங்கள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

கோபம் குறைந்திருக்கிறது. தலைவலி வாரத்துக்கு மூன்று நாள். அடையாறு பஸ்ஸில் தப்பான ஸ்டாப்பில் இறங்கினேன், ஆனால் நானே கேட்டுக் கேட்டு வீடு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

13 செப்டம்பர், சனி

இந்திய அணி லிஸ்ட்டில் ருக்சார் பெயர். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன், வேறு ருக்சாரோ என்று. இல்லை, எங்கள் ருக்சார்தான். "வாழ்த்துகள்டி" என்று அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மனசு பூராவும் இல்லை, முக்கால். அந்த ஹாலில் அவள் பெயரைக் கூப்பிடும்போது கால் நடுங்குமே, அதை யாராவது அவளிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால் நன்றாக இருக்கும்.

23 நவம்பர், ஞாயிறு

மழை விட்டதால் கடையில் நல்ல கூட்டம். கிளப் டிராக்சூட் போட்ட பெண் ஒருத்தி வந்தாள். புதுப்பெண், பதினெட்டு இருக்கும். என்னைத் தெரியாது. நெற்றியில் அடிபட்ட இடம் மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது.

"சங்கரா ரெண்டு கிலோ போடுங்க ஆன்ட்டி. கேப்டன் இங்கதான் வாங்கணும்னு சொல்லிட்டாங்க."

"யாரும்மா கேப்டன்?" என்றாள் அம்மா, எடைக்கல்லைத் தேடிக்கொண்டே.

"ருக்சார் அக்கா. அதோ, ஆட்டோல கீறாங்க. மீன் வாசன அவங்களுக்கு ஆவாதாம், அதான் எறங்கல."

மூன்று வருஷம் எங்கள் வீட்டு மீன் குழம்புச் சட்டியைச் சோறு போட்டு வழித்துத் தின்றவள். ஆட்டோவின் மழைத் திரை இறக்கியிருந்தது. நான் குனிந்து செதில் எடுக்க ஆரம்பித்தேன்.

அம்மாவால் சும்மா இருக்க முடியாது. "நெத்தில இன்னாம்மா அது?"

"மேட்ச்சுல முட்டிக்கினேன் ஆன்ட்டி. அதுக்குப் போயி மூணு வாரம் ஒக்கார வச்சிட்டாங்க. முன்னல்லாம் டெஸ்ட்ல ஈசியா ஏமாத்திக்கலாமாம். இப்ப டாக்டரு பக்கத்துலயே ஒக்காந்துகினு, தப்பிக்கவே முடியாத மாதிரி வைக்கிறாங்க. ஜெனிதா டெஸ்ட்டுன்னு பேரு. யாரோ ஜெனிதாவாம், எல்லாரையும் போட்டுக் குடுத்துட்டுப் பூட்டாளாம். அவ மட்டும் என் கையில கெடைக்கட்டும்!"

அம்மாவின் கை தராசில் நின்றது. வாயைத் திறந்தாள். நான் மீன் கையோடு அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"தலவலி கீதா இப்போ?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"மொதல்ல இருந்துச்சு. இப்ப சுத்தமா இல்லக்கா. வர்ற சனிக்கெழம எறங்கிடுவேன்."

"நல்லா ஆடு."

சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. பெயர் என்ன என்று கேட்டேன், சொன்னாள். அழகான பெயர். பையை வாங்கிக்கொண்டு தண்ணீர் தேங்கிய இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டி ஓடினாள். ஆட்டோ போகிற வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளுக்காக இன்று ராத்திரி ஜெபம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் வரவில்லை.